மழையில் பார்த்த படம்

பழைய படங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பார்க்கும்போது தானாக வரும் சிரிப்பைச் சொல்லவில்லை. சிரிப்பதற்கென்றே உட்காருகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் எப்போதாவது அந்தக் காலத்து மாயாஜாலப் படம் ஒன்று போடுவார்கள். உடனே பக்கத்து வீட்டில் நாலு பேர் கூடிவிடுவார்கள். புலியின் வயிற்றில் தையல் தெரிகிறதாம். ராஜாவின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டின தடம் இருக்கிறதாம். "இவ்வளவு மோசமா எடுத்திருக்கான், அதனாலதான் இது சூப்பர்" என்று ஒருவன் எனக்கு விளக்கம் சொன்னான். படித்த பிள்ளை. என்னையும் வந்து உட்காரச் சொன்னான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தையல் தெரிந்தது எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் என்ன குருடர்களா? அந்தப் புலி ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முட்டி போட்டுக்கொண்டு வரும். "யப்பா, புலிக்கு மூட்டு வலி, யாராச்சும் தைலம் தேச்சு விடுங்க!" என்று முதலில் கத்தியது எங்கள் கொட்டகைதான். ராணி காட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதே புலி புதரை விலக்கிக்கொண்டு வந்தால், கத்தின அதே ஆள் வாயைப் பொத்திக்கொள்வான். சிரிப்பையும் பயத்தையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. இவர்களுக்கு ஒன்றுதான் தெரிகிறது. அதற்கு இவ்வளவு அலட்டல் வேறு.

நல்ல படம் என்று சொல்லி எங்களுக்குக் காட்டியவை எப்படி இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அப்போது யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். எங்கள் ரசனையைத் திருத்துவதும் தன் வேலையில் சேர்த்தி என்று நினைத்தவர். நாங்கள் பார்ப்பதெல்லாம் அவருக்குக் குப்பை. அவர் பேச்சைக் கேட்டு ஒருமுறை ஒரு நல்ல படத்துக்குப் போனோம். கதாநாயகி தேயிலைத் தோட்டத்துப் பெண். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, பூக்கூடை மாதிரி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால், ஒவ்வோர் இலையாக முகர்ந்து பார்த்துப் பறித்தாள். அதுவும் முற்றிய இலை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அடியே, அது முத்தெலடி! கணக்கப்புள்ள கூடையக் கவுத்துப்புடுவான்!" அதற்குப் பிறகு அந்தப் படத்தில் யார் எப்படிச் செத்தாலும் எங்கள் பெண்களுக்கு அழுகை வரவில்லை. புலியைத் தப்பாகக் காட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், புலியோடு யார் குடித்தனம் பண்ணினார்கள்? தினமும் பத்து விரலும் தேய்ந்துபோகிற கையை, அந்தக் கைக்காரிக்கே தப்பாகக் காட்டுகிறவனை எப்படிப் பொறுப்பது? மறுநாள் வாத்தியார் என்னைப் பார்த்து, "எப்படி, படம் திறமோ?" என்று கேட்டார். "எலை முத்திருச்சு சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஐம்பதுகளின் கடைசி. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். தலைகால் புரியாத சினிமாப் பித்து. வட்டகொடை ஸ்டேஷனைத் தாண்டி அரை மணி நேரம் இறங்கி நடந்தால் ஒரு சின்ன டவுன் வரும். அங்கே இருந்தது எங்கள் கொட்டகை. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்ததைச் சிங்கள முதலாளி ஒருவர் சினிமாக் கொட்டகையாக்கியிருந்தார். கூரை தகரம், நாலு பக்கச் சுவரும் தகரம். படம் ஓட்டும் மெஷின் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை இருட்டில் உட்கார்ந்து கடலை தின்ன வேண்டியதுதான். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் சுவரை ஒட்டிப் பெண்கள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக் காட்சிதான் எங்களுடையது.

மழைக்காலத்தில் அந்தக் கூரையின் கீழ் படம் பார்த்திருந்தால் தெரியும். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் பெய்வது மழையா அது? தகரத்தின் மேல் யாரோ லாரி லாரியாகச் சல்லி கொட்டுவது போல் இருக்கும். திரைக்குப் பின்னால் இருந்த ஒற்றை ஒலிபெருக்கி என்ன கத்தினாலும் ஒரு சொல் காதில் விழாது. ராஜா வாயை வாயைத் திறப்பார். ராணி அழுவாள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாது.

அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் படத்தை வேறு ஊரில், மழை இல்லாத நாளில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சின் நடுவில் இடம் விட்டுவிடுவோம். அவர்தான் படம் சொல்வார். திரையில் வாய் அசைய அசைய, என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்வார். அவர் அடுத்தவர் காதில். அப்படியே காது காதாகப் பெஞ்சு முழுக்கப் போய், பின் பெஞ்சுக்குத் தாவி, நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் வரும். நடுவழி ஓரத்தில், முதல் பெஞ்சில், எப்போதும் நான்தான். பெண்கள் பக்கத்திலிருந்து வருவதை வாங்கி ஆண்கள் பக்கம் கொடுப்பது என் பொறுப்பு. கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிடும். திரையில் வில்லன் செத்துக் கிடப்பான், பின்னால் அவன் அடித்த ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்று மட்டும் கட்டாயம். காதில் விழுந்ததை அடுத்த காதுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் முழுங்குகிறவனுக்கு அடுத்த வாரம் பெஞ்சில் இடம் கிடையாது.

படம் சொல்வதில் என் அக்காவை மிஞ்ச ஆளில்லை. குமரியாக இருந்தபோதே சொல்ல ஆரம்பித்தவள். அவள் கல்யாணமாகி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போன பிறகு எங்கள் கொட்டகையே களை இழந்துவிட்டது என்று பெண்கள் சொல்வார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவள் புருஷன், என் மச்சானுக்குச் சந்தேகம். கொழுந்து ஏற்ற வரும் லாரிக்காரனோடு சிரித்தாள் என்று ஒரு நாள், கணக்கப்பிள்ளை இவள் கொழுந்தை எடை கூட்டி நிறுத்தான் என்று ஒரு நாள். கடைசியில் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் காம்பரா ஒற்றை அறை, ஒரு பாய்க்கு மறு பாய் விரித்தால் நிறைந்துவிடும். என் மனைவிக்கு முகம் சுருங்கியது. அடுப்புக்கு யார் முதலில் போவது என்று இருவருக்கும் மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டது. அக்கா எங்கள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள்.

அந்த ஆடியில்தான் அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். அதை எடுத்தவனே மறந்திருப்பான். ஒரு ராஜா, யார் பேச்சையோ கேட்டு ராணியைச் சந்தேகப்பட்டுக் காட்டுக்குத் துரத்துகிறான். அவளைப் புலி காக்கிறது, பாம்பு தாலாட்டுகிறது. பாம்பு ரப்பர் குழாய். அதைக் கட்டி இழுத்த நூல் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். ராஜாவுக்கு ஐம்பது வயதும் ஒரு தொப்பையும் இருந்தன. அவர் மீசை ஒரு ரீலில் வலப்பக்கம் ஏறியிருக்கும், அடுத்ததில் இடப்பக்கம். தேவலோகத்தில் பஞ்சு மேகத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய கால் செருப்போடு தெரியும். கடைசியில் ராஜா உண்மை தெரிந்து காட்டுக்கு வருகிறான். இங்கேதான் அந்தப் படத்தின் உச்சக்கட்ட மோசம். ராணியாக நடித்தவளுக்குச் சம்பளத் தகராறோ என்னவோ, கடைசிக் காட்சிக்கு அவள் வரவில்லை. வேறு ஒருத்திக்கு ராணி புடவையைக் கட்டி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்துவிட்டார்கள். காட்டுக்குப் போன இடத்தில் ராணி முக்கால் அடி வளர்ந்திருந்தாள். முகமே தெரியாது. ராஜா கையை நீட்டியபடி நிற்பார். முதுகு நெடுநேரம் பேசும். பிறகு மேகம், பூமாரி, சுபம். அவ்வளவுதான் படம்.

இதை அக்கா மஸ்கெலியாவில் மச்சானோடு பார்த்திருந்தாள். மழை இல்லாத நாளில். அதனால் நடு இடம் அவளுக்குத்தான். மூன்று மணி நேரம் கொட்டகை அவள் வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கடைசிக் காட்சி வந்தது. முதுகு பேசத் தொடங்கியது. அக்கா பக்கத்தில் இருந்தவளின் காதைப் பிடித்துச் சொன்னாள். அது பெஞ்சு கடந்து என் காதுக்கு இப்படி வந்தது:

"மகராசா, நீங்கதான் என்னையக் காட்டுக்கு அனுப்புனீங்க. காடு என்னைய வச்சுக்கிருச்சு. இனிமே நா வரணும்னா காட்டக் கேளுங்க. அது விடாது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்துக் காதுக்குக் கொடுத்தேன். பின் பெஞ்சுவரை போய்ச் சேர்ந்தபோது திரையில் சுபம் விழுந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது, ஆனாலும் கைதட்டல் கிளம்பியது. பெண்கள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாளிலிருந்து கொழுந்து மலை முழுக்க அதே பேச்சு. கங்காணி எதையாவது அதட்டினால், "காட்டக் கேளுங்க!" என்று ஒருத்தி இந்த வரிசையிலிருந்து சொல்வாள். அந்த வரிசை சிரிக்கும்.

மார்கழியில் மச்சான் வந்தார். இரண்டு பெரியவர்கள், வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். தோட்டத் தலைவர் வீட்டு வாசலில் பேச்சு. தலைவர் நல்ல மனிதர். வெயிலோ மழையோ, கறுப்புக் குடை இல்லாமல் நடக்க மாட்டார். என்னைவிடப் பெரிய சினிமாப் பைத்தியம். மச்சான் பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

"தப்பு எம்மேலதாங்க. ஒத்துக்கிறேன். ஆனா பொம்பள பொறந்த வீட்ல எத்தன நாளைக்கு இருப்பா? ராணியே அவ்வளவு கஷ்டப்பட்டுட்டு ராசா கூடத்தானே போறா? படத்துல பாத்தோமுல்ல."

கூடி நின்ற பெண்களிடையே சலசலப்பு. பக்கத்துக் காம்பராப் பெண் முன்னால் வந்தாள். "எந்தப் படத்துலங்க? நாங்க பாத்த படத்துல ராணி போகல. காட்டக் கேளுன்னு சொல்லிப்புட்டா."

"போறாங்க. நா எங்காதால கேட்டேன்."

"நாங்களும் காதாலதான் கேட்டோம்."

இப்படி ஒரு பெண்ணின் பிழைப்பைப் பேச வந்த இடத்தில் ரப்பர் பாம்புப் படத்தின் முடிவைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே படித்தார். ராஜா காட்டுக்கு வருகிறான். ராணி அவனை ஏற்றாளா? பிரிந்த உள்ளங்கள் கூடினவா? மீதியை வெள்ளித் திரையில் காண்க.

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "உந்தக் குப்பைப் படத்தை வச்சுக்கொண்டோ ஒரு பொம்பிளையின்ர வாழ்க்கையை முடிவெடுக்கப் போறியள்? அந்தப் பிள்ளையைக் கேளுங்கோவன்."

அவரை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒழுங்காகப் பேசியது அவர் ஒருவர்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும். யாரும் அக்காவைக் கேட்கவில்லை. தலைவர் குடையை ஊன்றி எழுந்தார். "மாசி மாசம் அதே படம் மறுக்கா வருதுன்னு மொதலாளி சொன்னாரு. மழையிருக்காது. எல்லாரும் பாப்போம். பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். மச்சான் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருக்குத் தெரியுமே.

எனக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? தலைவர் மேல் இல்லை, மச்சான் மேல் இல்லை. அக்கா மேல். ஊர் முன்னால் பொய்க்காரி ஆகப் போகிறாளே, என்னையும் பொய்க்காரன் ஆக்கப் போகிறாளே என்று. அந்த வாசகத்தை ஆண்கள் பக்கம் கொடுத்தவன் நான்தானே. காட்சிக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், அவள் மலைத் தண்ணீர் குழாயாக விழும் பீலியடியில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"நெசமாச் சொல்லுக்கா. ராணி என்னா சொல்றா?"

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருசன், நீங்க எட்டி ஒதைச்சாலும் அந்தக் கால்தான் எனக்குக் கோயிலுன்னு சொல்றா. போயிர்றா."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னே?"

"படம் பாத்துட்டு வந்த அன்னைக்கு ஒங்க மச்சான் கதவத் தொறக்கல தம்பி. வாசல்ல நிக்கவச்சு, ராணி சொன்னதச் சொல்லு, அப்பத்தான் உள்ளன்னாரு. சொன்னேன். சத்தமாச் சொல்லுன்னாரு. லயமே கேக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் தெனமும். வேல விட்டு வந்தா வாசல்ல நின்னு அதச் சொல்லணும், அப்பத்தான் கதவு."

கையை உதறிக்கொண்டாள். "அத மறுக்கா எவ காதுலயும் சொல்ல எனக்கு வாய் வரல."

இதைக் கேட்ட பிறகு ஒரு தம்பி என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது: "நாளைக்கி எல்லாருக்கும் தெரிஞ்சிருமே அக்கா. ஊரு பேச்ச மீற முடியுமா? ஒரு மாசம் போய் இருந்து பாரேன்." சொல்லும்போது காம்பராவில் மறுபடி எங்கள் பாய் மட்டும் விரிந்து கிடப்பதுகூட மனதில் வந்து போனது. இதை எழுதும் கை கூசுகிறது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இவ்வளவு படம் பாக்குறியே, ஒனக்கு எந்த முடிவு வேணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஸ்டோரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேலை கிடையாது. நாங்கள் பேசியதை என் மனைவி விறகுக் கட்டோடு பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. சூட்டில் கொட்டகைத் தகரம் படார் படார் என்று தெறித்துக்கொண்டிருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. முதல் பெஞ்சில் நடுவழி ஓரத்தில் நான், எனக்கு அடுத்துத் தலைவர், அவருக்கு அடுத்து மச்சான். பெண்கள் பக்கம் நடு இடத்தில் அக்கா. கூட்டி வந்து உட்காரவைத்தது என் மனைவி. அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

முதல்முறையாக அந்தப் படத்தின் வசனத்தைக் கேட்டோம். எவ்வளவு கேவலமான வசனம் தெரியுமா? ராணி "நாதா" என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசவில்லை. புலிகூட ஆண்குரலில் உறுமியது. ரீல் மாற்றும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருவன், "இதுக்கு அக்கா சொன்னதே தேவல!" என்றான். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் கடைசி ரீலுக்குக் காத்திருந்தார்.

கடைசி ரீல் வந்தது. மீசை இடம் மாறிய ராஜா காட்டுக்குள் வந்தார். வளர்ந்த ராணி முதுகைக் காட்டி நின்றாள். ஒலிபெருக்கியில் ஒரு விம்மல். "நாதா..." மச்சான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "கல்லானாலும்..."

அப்போதுதான் தகரச் சுவரில் டமார் என்று ஒரு அடி விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி. உள்ளங்கையால் சுவரை அறைந்துகொண்டிருந்தாள். அடுப்புக்காக அக்காவோடு தினமும் மல்லுக்கு நின்றவள். இரண்டு கையாலும் அறைந்தாள். பின் பெஞ்சுக்காரி ஒருத்தியும் சுவரை அறைய ஆரம்பித்தாள். அப்புறம் இன்னொருத்தி. சுவரை ஒட்டி இருந்தவர்கள் அத்தனை பேரும். கண்ணாடி வளையல் நொறுங்கி விழுந்தது. சுவர் எட்டாதவர்கள் காலால் முன் பெஞ்சுப் பலகையை உதைத்தார்கள். கூரைவரை அந்தச் சத்தம் ஏறி, கொட்டகை முழுக்க ஆடி மாசத்து மழை பெய்ய ஆரம்பித்தது. ராணி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் கேட்கவில்லை. முதலாளி ஓடிவந்து, "மே மொகத? மே மொகத?" என்று கத்தினார், இது என்ன என்று சிங்களத்தில். பிறகு சந்தேகம் வந்து, வாசல் கதவைத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்த்தார். மழை இல்லை. ஈரம் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

மச்சான் எழுந்து பெண்கள் பக்கம் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை.

அக்கா பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னாள். அவள் அடுத்தவளுக்கு. பெஞ்சு வழியாக வந்து, பக்கத்துக் காம்பராப் பெண் நடுவழியில் சாய்ந்து என் காதைப் பிடித்துச் சொன்னாள். "காடு என்னைய வச்சுக்கிருச்சு. காட்டக் கேளுங்க. அது விடாது."

எனக்கு அடுத்த காது தலைவருடையது. நேற்று பீலியடியில் அக்காவைப் போய் இருக்கச் சொன்னவன் நான். கண நேரம் முழுங்கிவிடத்தான் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மீறிச் சொன்னால் ஊர் முன்னால் பொய்க்காரன்தான். தெரிந்தேதான் குனிந்தேன், தலைவரின் காதில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் கேட்டார். என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, எங்கள் கொட்டகையில் இருபது வருஷம் படம் பார்த்த எவரும் செய்வதைச் செய்தார். நின்றுகொண்டிருந்த மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அவர் காதில் கையைக் குவித்துச் சொன்னார்.

திரையில் பூமாரி பொழிந்தது. சுபம் விழுந்தது. சுவரில் விழுந்த அடி நின்றது.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. மச்சான் தலைவரை மறித்துக்கொண்டார். "நீங்க கேட்டீங்கள்ல? ராணி நெசமா என்னா சொன்னான்னு கேட்டீங்கள்ல? அவளுங்க வேணுமின்னே..."

"என்னத்தத் தம்பி கேக்குறது" என்றார் தலைவர். "மழையில எங்காதுக்கு வந்தத ஒங்காதுல சொல்லிப்புட்டேன். அம்புட்டுத்தான்."

கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, காய்ந்த ரோட்டில் போய்விட்டார். மச்சான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஹட்டன் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை.

என் மனைவியின் உள்ளங்கை தகரத்தின் விளிம்பில் பட்டுக் கிழிந்திருந்தது. அக்கா ரோட்டு ஓரத்தில் நின்று தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அதைச் சுற்றிக் கட்டினாள். "வலிக்குதா?" என்றாள். "இந்தக் கையால ராத்திரிக்குச் சோறு பொங்க மாட்டேன் மதினி, அடுப்ப நீங்களே வச்சுக்கங்க" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். பிறகு தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். நான் பின்னால் போனேன். மேலே போய்ச் சேரும்வரை இரண்டு பேரில் ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.